'அன்', 'இன்', 'டிஸ்': ஆங்கிலச் சொல்லின் தலையில் ஏறும் 'இல்லை'

'சுத்தம்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் யோசிக்காமல் 'அசுத்தம்' என்போம். 'தூய்மை'க்குக் கேட்டால் 'தூய்மையின்மை' என்போம், 'தூய்மையற்ற' என்போம். 'அதூய்மை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டிகூட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கு விடை தெரிந்திருக்காது. காது ஒப்புக்கொள்ளாது, அவ்வளவுதான்.

காதுக்குத் தெரிந்த காரணம் இது: எதிர்மறை காட்டும் அந்த 'அ' வடமொழிச் சரக்கு. நீதி–அநீதி, நியாயம்–அநியாயம், நாகரிகம்–அநாகரிகம் என்று வடமொழியிலிருந்து வந்த சொற்களோடுதான் சேரும். நேர்மை, முறை, அழகு போன்ற தமிழ்ச் சொற்களுக்கு 'இன்மை', 'அற்ற', 'இல்லாத' என்று நம் சொந்தக் கருவிகள் இருக்கின்றன.

இதைப் புரிந்துகொண்டவருக்கு ஆங்கில முன்னொட்டுகளில் பாதி புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கிளீன்' என்ற சொல்லும் 'பியூர்' என்ற சொல்லும் கிட்டத்தட்ட நம் தூய்மை, சுத்தம் மாதிரிதான். 'கிளீன்' பழைய ஆங்கிலச் சொல். 'பியூர்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆகவே முதலாவதற்கு 'அன்கிளீன்', இரண்டாவதற்கு 'இம்பியூர்'. 'இம்கிளீன்' என்று ஒரு ஆங்கிலேயர் சொல்ல மாட்டார். நம் பாட்டி 'அதூய்மை' என்று சொல்லாத அதே காரணம்தான்.

பள்ளியில் இதை நமக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. 'ஹேப்பி–அன்ஹேப்பி, பாசிபிள்–இம்பாசிபிள், லீகல்–இல்லீகல்' என்று ஒரு பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பட்டியலில் இல்லாத சொல் தேர்வில் வந்தால் காசைச் சுண்டிப் பார்த்து எழுதினோம். சுண்ட வேண்டியதில்லை. உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. முழுக்க இல்லை, ஆனால் நம்பி நடக்கிற அளவுக்கு இருக்கிறது.

வாலில் மறுப்பதும் தலையில் மறுப்பதும்

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ் பெரும்பாலும் சொல்லின் பின்பக்கத்தில் மறுக்கும். 'வாடும் மலர்' என்பது 'வாடாத மலர்' ஆகும்போது வேர்ச்சொல் அப்படியே நிற்க, மறுப்பு அதற்குப் பின்னால் வந்து உட்காருகிறது. ஆங்கிலம் தலையிலேயே சொல்லிவிடும்.

'தீண்டாமை' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். தீண்டு, ஆ, மை. 'தீண்டு' என்ற வினைக்குப் பின்னால் 'ஆ' என்ற ஒற்றை எழுத்து வந்து 'இல்லை' என்கிறது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு இதை ஒழித்தபோது ஆங்கிலத்தில் எழுதிய சொல் 'அன்டச்சபிலிட்டி'. அதில் 'டச்' என்பது தொடுதல், 'ஏபிள்' என்பது இயலும் என்ற பொருள், எல்லாவற்றுக்கும் முன்னால் 'அன்'. நாம் கடைசிவரை கேட்டால்தான் மறுப்பு தெரியும். அவர்கள் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

பின்னால் ஒட்டி மறுக்கும் வழி ஆங்கிலத்திலும் உண்டு. 'கேர்லெஸ்', 'ஹோம்லெஸ்' என்பதில் வரும் 'லெஸ்' அச்சு அசலாக நம் 'அற்ற' தான்: கவனமற்ற, வீடற்ற. ஆனால் அது பெயர்ச்சொல்லின் பின்னால் வருவது. பெயரடைகளை, அதாவது பெயருக்கு முன்னால் நின்று அதன் தன்மையைச் சொல்லும் சொற்களை, எதிர்மறையாக்க ஆங்கிலம் முன்னொட்டைத்தான் நம்பியிருக்கிறது.

வீட்டுப் பிள்ளை 'அன்', வெளியூர் மாப்பிள்ளை 'இன்'

'அன்' ஆங்கிலத்தின் வீட்டுப் பிள்ளை. கைண்ட், வைஸ், ஃபிட், வெல், ட்ரூ போன்ற அன்றாடச் சொற்களுக்கெல்லாம் அதுதான்: அன்கைண்ட், அன்வைஸ், அன்ஃபிட், அன்வெல், அன்ட்ரூ. அம்மா மடியிலேயே கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும் குட்டிச் சொற்கள் இவை.

1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து போனவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு சில நூற்றாண்டுகளுக்கு அரண்மனை, நீதிமன்றம் எங்கும் பிரெஞ்சுதான். திருச்சபையிலும் ஏட்டுப் படிப்பிலும் லத்தீன். அந்த வழியாக ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்துக்குள் இறங்கின. வந்த சொற்கள் தங்கள் எதிர்ச்சொற்களையும் கூடவே கூட்டிவந்தன. அந்த எதிர்ச்சொற்களின் தலையில் இருந்தது 'இன்'. டைரக்ட்–இன்டைரக்ட், விசிபிள்–இன்விசிபிள், கம்ப்ளீட்–இன்கம்ப்ளீட், ஆக்டிவ்–இன்ஆக்டிவ்.

இதனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் வைத்துக்கொள்ளும் வசதி ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. 'லா' என்பது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நுழைந்து வீட்டுச் சொல்லாகிவிட்ட ஒன்று. அதனால் 'அன்லாஃபுல்'. 'லீகல்' லத்தீன், அதனால் 'இல்லீகல்'. 'அன்பிலீவபிள்' என்றாலும் நம்ப முடியாதது, 'இன்கிரெடிபிள்' என்றாலும் நம்ப முடியாதது. வாசிக்க முடியாத கையெழுத்து 'அன்ரீடபிள்' என்றும் ஆகும், 'இல்லெஜிபிள்' என்றும் ஆகும். தமிழில் 'முடிவில்லாத' என்றும் சொல்கிறோம், 'அனந்தமான' என்றும் சொல்கிறோமே, அதுபோல.

ஆனால் இரட்டைகள் எப்போதும் ஒரே பொருளில் நிற்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இரட்டை இது: 'டச்' என்றால் தொடுதல், லத்தீனில் தொடுவதற்கு உரிய வேர் 'டாங்'. இரண்டிலும் 'தொட முடியாத' என்ற பொருளில் சொல் செய்தால் ஒன்று 'அன்டச்சபிள்', மற்றொன்று 'இன்டாஞ்சிபிள்'. முதலாவது ஒரு பெரும் சமூகக் கொடுமையின் பெயர். இரண்டாவதை யுனெஸ்கோ 2003-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையில், கூத்து, பாட்டு, சடங்கு போன்று கையால் தொட்டுக் காட்ட முடியாத பண்பாட்டுச் செல்வங்களுக்கான பெயராக வைத்தார்கள். உறுப்புக்கு உறுப்பு ஒரே பொருள் கொண்ட இரண்டு சொற்கள் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கின்றன பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இன்' பிடிவாதக்காரர், லத்தீன் உறவு இல்லாத சொல்லைத் தொடவே மாட்டார். 'அன்' அப்படியில்லை, எல்லோரோடும் பழகுவார். பாப்புலர், ப்ளெசன்ட், ரியல், சர்ட்டன் எல்லாம் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவைதான். ஆனாலும் அன்பாப்புலர், அன்ப்ளெசன்ட், அன்ரியல், அன்சர்ட்டன் என்றே சொல்கிறோம். ஆகவே முற்றிலும் தெரியாத சொல் ஒன்றில் ஊகித்துத்தான் ஆகவேண்டும் என்றால் 'அன்' பக்கம் சாய்வது நல்லது.

ஆங்கிலேயர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் 1609-இல் அச்சான தன் 23-வது சானெட்டில் (பதினான்கு வரிப் பாட்டு) மேடையில் வசனம் மறந்துபோன நடிகரை 'அன்பர்ஃபெக்ட்' என்கிறார். இன்று அதை நாம் விடைத்தாளில் எழுதினால் சிவப்பு மை விழும். 'இம்பர்ஃபெக்ட்' தான் சரி. அமெரிக்காவின் 1776 விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் பறிக்க முடியாத உரிமைகளை 'இன்ஏலியனபிள்' என்று எழுதினார். வெளியான பிரகடனத்தில் அது 'அன்ஏலியனபிள்' ஆகிவிட்டது. 1943-இல் வாஷிங்டனில் அவருக்குத் திறந்த நினைவு மண்டபத்தின் சுவரில் மறுபடியும் 'இன்ஏலியனபிள்' என்றே பொறித்திருக்கிறார்கள்.

உதடு செய்யும் வேலை

சரி, 'இன்' என்று சொல்லிவிட்டு 'இம்பியூர்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று எழுதுகிறேனே, அவை வேறு முன்னொட்டுகளா? இல்லை. எல்லாம் அதே 'இன்' தான். பக்கத்தில் வரும் எழுத்துக்குத் தக்கபடி வேடம் மாற்றுகிறது.

இதைத் தமிழருக்கு விளக்குவது போல எளிய காரியம் வேறில்லை. செம்மை என்ற சொல்லைக் 'கோல்' என்பதோடு சேருங்கள்: செங்கோல். 'தமிழ்' என்பதோடு: செந்தமிழ். 'மொழி' என்பதோடு: செம்மொழி. 'செம்' என்பதில் உள்ள மெய், வருகிற எழுத்தைப் பார்த்து 'ங்' ஆகிறது, 'ந்' ஆகிறது, அல்லது 'ம்' ஆகவே நிற்கிறது. நன்னூல் இதை 'முன்னின்ற மெய் திரிதல்' என்கிறது. லத்தீனிலும் நடந்தது இதுவேதான்.

'இன்' என்று சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டும். அடுத்து வருவது ப, ம போன்ற உதட்டெழுத்து என்றால் உதடு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். மூடிய உதட்டோடு 'ன்' சொன்னால் அது 'ம்' ஆகிவிடும். சொல்லிப் பாருங்கள்: 'இன்பாசிபிள்' என்று வேகமாக நான்கு முறை சொன்னால் ஐந்தாம் முறை தானாக 'இம்பாசிபிள்' வந்துவிடும். பி, எம் ஒலிகளில் தொடங்கும் சொற்களுக்கு இப்படி 'இம்': இம்பொலைட், இம்பேஷன்ட், இம்மெச்சூர், இம்மாரல்.

'எல்' எழுத்தில் தொடங்கினால் 'இல்': இல்லீகல், இல்லாஜிக்கல், இல்லிட்டரேட். 'ஆர்' எழுத்தில் தொடங்கினால் 'இர்': இர்ரெகுலர், இர்ரெலவன்ட், இர்ரெஸ்பான்சிபிள். ககர ஒலியில் தொடங்கும் 'இன்கரெக்ட்' போன்ற சொற்களை எழுதும்போது 'என்' எழுத்தைத்தான் போடுகிறார்கள், ஆனால் பலர் பேச்சில் அது 'இங்கரெக்ட்' என்றே விழும். எழுத்து மாறவில்லை, வாய் மாறிவிட்டது.

தமிழ்க் காதுக்கு ஒரு வேடிக்கை. 'இல்லீகல்' என்பதில் நம் 'இல்' தெரிகிறது. 'இன்' என்பதில் 'இன்மை' தெரிகிறது. நம் 'இன்மை'யே 'இல்' என்ற வேரோடு 'மை' சேர்ந்து, லகரம் னகரமாகத் திரிந்து வந்ததுதான். லத்தீனில் 'இன்' என்பது 'இல்' ஆகிறது. தமிழில் 'இல்' என்பது 'இன்' ஆகிறது! உறவு ஏதும் கிடையாது, வெறும் தற்செயல். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. 1786-இல் கல்கத்தாவில், அங்கே நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசினார். ஆங்கிலமும் அந்தக் குடும்பம்தான். ஆங்கில 'அன்', லத்தீன் 'இன்', கிரேக்க 'அ', வடமொழி 'அ' நான்கும் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பது மொழியியலாளர்கள் முடிவு. கிரேக்க 'அ', வடமொழி 'அ' இரண்டுக்கும் ஒரே குணம்: உயிரெழுத்து வந்தால் இடையில் ஒரு னகரத்தை வைத்துக்கொள்ளும். ஆதி–அனாதி, அந்தம்–அனந்தம் என்பதுபோல, காற்று தேவைப்படும் 'ஏரோபிக்' உயிரிக்கு எதிர் 'அனேரோபிக்'. சாண எரிவாயுக் கலனுக்குள் காற்றில்லாமல் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் இந்த வகை. ஆக, 'அநீதி' என்று நாம் சொல்லும்போது வடமொழி வழியாக 'அன்ஃபேர்' என்பதன் ஒன்றுவிட்ட தம்பியைத்தான் கூப்பிடுகிறோம்.

எழுத்துக் கணக்கு

இந்த இடத்தில் ஸ்பெல்லிங்கையும் முடித்துவிடலாம். விதி ஒன்றே ஒன்று: முன்னொட்டின் எழுத்தையும் விடாதே, சொல்லின் எழுத்தையும் விடாதே. 'நெசஸரி' என்பது 'என்' எழுத்தில் தொடங்குகிறது, 'அன்' என்பது 'என்' எழுத்தில் முடிகிறது, ஆகவே 'அன்னெசஸரி'யில் 'என்' இரண்டு. 'யூசுவல்' உயிரில் தொடங்குகிறது, ஆகவே 'அன்யூசுவல்' என்பதில் 'என்' ஒன்று. 'டிஸ்சாட்டிஸ்ஃபைடு'க்கு எஸ் இரண்டு, 'டிஸ்அப்பாயின்டட்' என்பதற்கு ஒன்றே ஒன்று. கடைசிச் சொல்லில் பாதிப்பேர் எஸ்-ஐ இரண்டாக்கி பி-யை ஒன்றாக்கிவிடுவார்கள். நேர்மாறாக இருக்க வேண்டும்.

'இன்னொசன்ட்' என்ற சொல்லில் ஏன் இரண்டு 'என்' என்று யோசித்ததுண்டா? அதுவும் ஒரு எதிர்மறைச் சொல்தான். லத்தீனில் 'தீங்கு செய்கிற' என்ற சொல்லின் தலையில் 'இன்' ஏறி, தீங்கு செய்யாத, அதாவது அப்பாவியான என்றாகிவிட்டது. 'நொசன்ட்' என்று தனியாக இன்று யாரும் சொல்வதில்லை.

வாலைப் பார்த்துத் தலையைச் சொல்லலாம்

சொல்லின் பூர்வீகத்தை அகராதியில் தேட நேரமில்லை என்றால் அதன் வாலைப் பாருங்கள். சொல் 'எட்' அல்லது 'இங்' என்று வினையிலிருந்து வந்த வடிவமாக இருந்தால் பெரும்பாலும் 'அன்'. இதில் லத்தீன் பூர்வீகம்கூட எடுபடாது. 'கம்ப்ளீட்' என்றால் 'இன்கம்ப்ளீட்', ஆனால் 'கம்ப்ளீட்டட்' என்றால் 'அன்கம்ப்ளீட்டட்'. பிரிக்க முடியாதது 'இன்டிவிசிபிள்', பிரிக்கப்படாதது 'அன்டிவைடட்'. எல் எழுத்தில் தொடங்குவதால் 'லிமிட்டட்' என்பதற்கு 'இல்' வரும் என்று நினைத்துவிடக் கூடாது. செல்போன் கம்பெனிகள் நமக்கு அன்றாடம் விற்கும் 'அன்லிமிட்டட்' இந்த விதிக்கு நல்ல சாட்சி.

'முடியும்' என்ற பொருள் தரும் வால்கள் இரண்டு. ஒலியில் ஒன்றுபோல இருக்கும், எழுத்தில் வேறு. ஒன்று ஏ எழுத்தில் தொடங்குவது, மற்றொன்று ஐ எழுத்தில் தொடங்குவது. ஏ எழுத்து வால், வாழும் ஆங்கில வினைகளோடு சேரும்: டிரிங்க், திங்க், பிரேக். அவற்றுக்கு 'அன்': அன்டிரிங்கபிள், அன்திங்கபிள், அன்பிரேக்கபிள். ஐ எழுத்து வால் லத்தீனிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தது. அவற்றுக்கு அநேகமாக 'இன்' குடும்பம்: இன்விசிபிள், இன்ஆடிபிள், இர்ரெசிஸ்டிபிள். இது போக்குதான், சட்டமில்லை. ஏ எழுத்து வால் கொண்ட 'இர்ரீப்ளேசபிள்', 'இன்கேப்பபிள்' எல்லாம் இதை மதிக்காமல் திரிகின்றன.

தேர்தலில் நம் விரலில் வைக்கும் மை இந்த ஐ எழுத்து வகைதான்: 'இன்டெலிபிள் இங்க்'. மைசூரில் உள்ள மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் 1962 தேர்தலிலிருந்து இந்திய வாக்காளர்களுக்காகச் செய்து தருவது. தமிழில் அழகாக 'அழியா மை' என்கிறோம். இதன் நேர்ச்சொல்லான 'டெலிபிள்' என்பதைப் பேச்சில் கேட்டிருக்கிறீர்களா? ஆங்கிலேயர்களே கேட்டிருக்க மாட்டார்கள். எதிர்ச்சொல் மட்டும் உயிரோடு இருந்து நேர்ச்சொல் மறைந்துபோன கூட்டம் ஒன்றே இருக்கிறது. கலைந்த தலையை 'அன்கெம்ட்' என்கிறார்கள். 'கெம்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் வாரிய தலை. இன்று வாரிய தலைக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. தமிழில் 'அநாயாசம்' என்கிறோம், 'ஆயாசம்' ஓரளவு பிழைத்திருக்கிறது. 'அலட்சியம்' என்கிறோம், 'லட்சியம்' வேறு பொருளில் வேறு வீட்டில் வாழ்கிறது. அந்தக் கதைதான்.

வாலைப் போலவே தொடக்கமும் ஒரு துப்புத் தரும். சொல்லே 'இன்' அல்லது 'இம்' என்று தொடங்கினால், அதன் மேல் இன்னொரு 'இன்' ஏற்றினால் திக்குவதுபோல இருக்கும். அதனால் அநேகமாக 'அன்': அன்இம்பார்ட்டன்ட், அன்இன்ட்ரஸ்டிங், அன்இன்டெலிஜென்ட்.

தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒரு பழக்கமும் உண்டு. பெயரடைக்கு 'அன்' போட்டுவிட்டு அதே சொல்லின் பண்புப்பெயருக்கு 'இன்' போடுவார்கள். 'அன்ஏபிள்', ஆனால் 'இன்எபிலிட்டி'. 'அன்ஈக்வல்', ஆனால் 'இன்ஈக்வாலிட்டி'. 'அன்ஜஸ்ட்', ஆனால் 'இன்ஜஸ்டிஸ்'. 'அன்ஸ்டேபிள்', ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி'. பெயர்ச்சொல் அப்படியே முழுசாக பிரெஞ்சு, லத்தீனிலிருந்து இறங்கிவிட்டது. பெயரடையை மட்டும் வீட்டு முன்னொட்டு தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இந்த நான்கு ஜோடிகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

'டிஸ்' கோபக்காரர், 'நான்' நடுநிலையாளர்

'டிஸ்' என்பதும் லத்தீன்தான், ஆனால் அதன் அடிப்பொருள் 'விலகி'. அதனால் அதில் எப்போதும் ஒரு பிரிவோ முறிவோ இருக்கும். டிஸ்ஆனஸ்ட், டிஸ்லாயல், டிஸ்ஒபீடியன்ட் எல்லாம் ஏதோ ஒன்றை மீறியவரைச் சொல்வன. 'அன்' வெறுமனே இல்லை என்னும். 'டிஸ்' இருந்ததைக் கெடுத்துவிட்டது என்னும்.

நம் ஊர்ச் செய்திகளிலேயே இது தெரியும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு இந்தியச் சட்டங்கள் வைத்த பெயர் 'அன்ஆர்கனைஸ்டு'. 2008-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. அவர்களுக்கு அமைப்பு இல்லை, அவ்வளவுதான். அவர்களை யாராவது 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்று எழுதிவிட்டால், ஒழுங்கில்லாமல் போட்டது போட்டபடி வேலை செய்கிறவர்கள் என்று வசை ஆகிவிடும். கட்டடத் தொழிலாளி ஒருவர் வேலை முடிந்ததும் கரண்டியையும் ரசமட்டத்தையும் துடைத்து வைக்கிற நேர்த்தியைப் பார்த்தவர்கள் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள். இதேபோல, ஆசிரியர் பயிற்சி முடிக்காதவர் 'அன்குவாலிஃபைடு'. தகுதி நீக்கம் செய்யப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் 'டிஸ்குவாலிஃபைடு'.

'அன்இன்ட்ரஸ்டட்', 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்ற ஜோடி பெயர்பெற்றது. முதலாவது அக்கறையில்லாதவர். இரண்டாவது, வழக்கில் சொந்த லாபநட்டம் ஏதும் இல்லாதவர். நீதிபதி இரண்டாவதாக இருக்க வேண்டும், முதலாவதாக இருக்கக் கூடாது. இன்று நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு நல்ல சொல்லை வீணடிப்பதாகத்தான் படுகிறது.

'நான்' என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்வெஜ், நான் ஏசி என்று தினமும் சொல்கிறோம். 'நான் வெஜ்' என்று சொல்லிவிட்டு இலையில் கோழியைப் பார்த்து விழித்த சைவரின் நகைச்சுவையும் பழசாகிவிட்டது. ஆனால் அதன் குணத்தைக் கவனியுங்கள். அதில் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. 'இந்த வகையைச் சேர்ந்தது அல்ல' என்று மட்டும் சொல்லும். நம் 'அல்லாத' போல: பார்ப்பனர் அல்லாதார் இயக்கத்தை ஆங்கிலத்தில் 'நான்–பிராமின்' என்று எழுதியதும் இதனால்தான்.

இந்த நடுநிலை எங்கே முக்கியம் என்றால், வார இறுதியில் மட்டும் சபாவில் பாடும் வங்கி ஊழியர் 'நான்–புரொஃபஷனல்'. தொழில்முறைப் பாடகர் அல்ல, அவ்வளவே. பாட்டு அருமையாக இருக்கலாம். ஆலாபனை நடுவில் செல்போனை எடுத்துப் பேசும் பெரிய வித்வான் 'அன்புரொஃபஷனல்'. குரங்கு 'நான்–ஹியூமன்'. குழந்தையைப் பட்டினி போட்டு அடிப்பவர் 'இன்ஹியூமன்'. அவர் மனிதர்தான், அதுதான் கொடுமை. ஒழுக்கம் தெரிந்தும் மீறுகிறவர் 'இம்மாரல்'. ஒழுக்கம் என்ற கணக்குக்குள்ளேயே வராதது, கைக்குழந்தையையோ மழையையோ போல, 'ஏமாரல்'. இங்கே தலையில் இருப்பது அந்தக் கிரேக்க 'அ' தான், ஆங்கில வாயில் 'ஏ' ஆகியிருக்கிறது.

இன்னொன்று. 'அன்' பெரும்பாலும் நல்ல சொற்களின் தலையில்தான் ஏறும். அன்ஹேப்பி உண்டு, 'அன்சேட்' கிடையாது. அன்கைண்ட் உண்டு, 'அன்க்ரூயல்' கிடையாது. மகிழ்ச்சியை மறுத்தால் துயரம் வந்துவிடும்; துயரத்தை மறுத்தால் மகிழ்ச்சி வந்துவிடாது என்று அந்த மொழிக்குத் தோன்றியிருக்கிறது போலும். 'அன்செல்ஃபிஷ்' மாதிரி சில விலக்குகள் இருக்கின்றன. 'நாட் அன்ஹேப்பி' என்று இரட்டை மறுப்பில் சொன்னால் மகிழ்ச்சி என்று பொருளாகாது. 'சந்தோஷம் இல்லாமலில்லை' என்று நாம் இழுத்துச் சொல்வோமே, அந்த இழுப்பு.

எதிர்மறை மாதிரித் தெரிவன

சில சொற்களின் தலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'அங்கிள்' என்பதும் 'அண்டர்' என்பதும் எழுத்தில் யு, என் என்றே தொடங்குகின்றன. அங்கே மறுப்பு ஏதும் இல்லை என்பது யாருக்கும் தெரியும். வினைச்சொல்லில் வரும் 'அன்' வேறு ஆள்: 'அன்லாக்' என்றால் பூட்டாதது அல்ல, பூட்டைத் திறப்பது. இந்த இரண்டு 'அன்'களும் ஒரே சொல்லில் மோதிக்கொள்ளும்போது வேடிக்கைதான். 'அன்லாக்கபிள்' என்ற கதவு பூட்ட முடியாத கதவா, பூட்டைத் திறக்க முடிகிற கதவா? இரண்டும் சரி. எதிரெதிர் என்றாலும் சரி.

'இன்வால்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. உங்கள் மேலதிகாரி உங்கள் உதவியை அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். 'இன்ஃபமஸ்' என்றால் புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரில் புகழ் பெற்றவர். உச்சரிப்பையும் பாருங்கள்: 'ஃபேமஸ்' என்பதன் தலையில் 'இன்' ஏறியதும் அழுத்தம் முன்னால் தாவி 'இன்ஃபமஸ்' என்று சுருங்கிவிடுகிறது. 'இன்ஃபேமஸ்' என்று நீட்டி வாசிப்பது நம்மிடையே பரவலான பிழை. 'ஃபைனைட்' என்பது 'இன்ஃபினிட்' ஆவதும் இப்படியே.

கடைசியாக, நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் போகும்போது அதன் முதுகைப் படித்துப் பாருங்கள். 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். 'ஃப்ளேம்' என்றால் சுவாலை என்று தெரிந்த ஒருவர், முன்னால் உள்ள 'இன்' மறுப்பு என்று நினைத்தால் 'கொஞ்சமும் தீப்பிடிக்காதது' என்று படித்துவிடுவார். பொருள் நேர் எதிர். லத்தீனில் 'உள்ளே' என்ற பொருளிலும் ஒரு 'இன்' உண்டு. இது அந்த 'இன்', தீ மூட்டிவிடுவது என்ற வினையிலிருந்து வந்தது. உயிர் போகிற குழப்பம் இது என்று அமெரிக்கத் தீத்தடுப்பு வல்லுநர்கள் 1920-களிலேயே 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அங்கே மாறிவிட்டது, நம் லாரிகளில் பல இன்னும் மாறவில்லை. உண்மையாகவே தீப்பிடிக்காத பொருளுக்கு 'அன்'னும் உதவவில்லை, 'இன்'னும் உதவவில்லை. அந்த வேலைக்கு நம் பழைய 'நான்' தான் வரவேண்டியிருந்தது: 'நான்–ஃப்ளேமபிள்'.